கரண்ட் வைத்த உடம்பு

கண்ணு,

முந்தாநாள் நீ கீழே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, மாடியில் இருக்கும் எனக்குப் போன் செய்து பேசினாய். கடைசியில் நான் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிடும். போனில் சொன்னால் பாதியில் "சரிங்கப்பா, ஃபாரின் பையர் லைன்ல வர்றாருங்க" என்று வைத்துவிடுவாய். எழுதிக் கொடுத்தால் ஒன்று படிப்பாய், இல்லை கிழித்துப் போடுவாய். இரண்டில் எதைச் செய்தாலும் நான் குறுக்கே வந்து நிற்க மாட்டேன். உன் பெண்டாட்டியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவள் படிக்கட்டும் என்றுதான் ஒட்டாமல் அனுப்புகிறேன்.

நீ சொன்னது இதுதான். கன்னத்துக் கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது, தையல் ஆறிவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து கோயமுத்தூரில் கரண்ட் வைக்கப் போகிறார்கள், டாக்டர் பாஷையில் ரேடியேஷன். முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் ரூம் எடுத்துத் தனியாக இருந்துகொள்வாய். பாப்பாவை உடுமலைக்கு அவளுடைய அம்மாயி, உன் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவாய். உனக்கு முடிந்த பிறகும் அவள் அங்கேயே இருக்கட்டும், பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்றாய். "கரண்ட் வெச்ச ஒடம்புங்கப்பா. புள்ளையப் பக்கத்துல வெச்சுக்க முடியாதுங்களே." டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் ஆகாதுங்கறாருங்க. அவங்க அப்படித்தானுங்களே சொல்லுவாங்க" என்றாய். அதற்குத்தான் நான் சரி என்றேன்.

அது பொய்யான சரி. வெளியே நிற்கிற மெஷினிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்பில் தங்குவதில்லை. மெஷின் நின்றதும் அதோடு முடிந்தது. உள்ளுக்குள்ளேயே மருந்தை வைத்து அனுப்புகிற வைத்தியம் ஒன்று உண்டு, அதற்கு விலகி இருக்க வேண்டுமானால் டாக்டரே சொல்லிவிடுவார். உனக்கு வைப்பது அது இல்லை, எனக்கு வைத்ததும் அது இல்லை. பாப்பா உன் மடியில் உட்காரலாம், உன் தட்டில் சாப்பிடலாம், உன் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். உன்னையே நீ தள்ளி வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டபோது எனக்கு இனித்தது, கண்ணு. போனை வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீ ருசியாக இருந்தது.

எனக்கு ப்ராஸ்டேட்டில் புற்று வந்தபோது உன் அம்மா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. முதல் நாள் கரண்ட் வைக்க நீதான் காரில் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பும்போது பின்சீட்டில் பாலிதீன் கவரைப் பிரித்து விரித்திருந்தாய், நம் பனியன் பீஸ் பேக் பண்ணுகிற அதே கவர். ஏசியை நிறுத்தி, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அவிநாசி ரோட்டில் லாரிப் புகையெல்லாம் உள்ளே வர ஓட்டினாய். வீட்டுக்கு வந்ததும் வெளிப்படி வழியாக என்னை மாடிக்கு ஏற்றிவிட்டாய். கட்டிங் வேஸ்ட் மூட்டை போட்டு வைத்திருந்த ரூமில் ஒரு கட்டில். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் கட்டிங் மாஸ்டராக நின்று நின்று கால் நரம்பு புடைத்துச் சம்பாதித்த வீடு அது. மறுநாளிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கரண்ட் வைப்பார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மெஷின் தாமதமானால் யாராவது ஒரு பெரிய மனிதர் நனைத்துக்கொண்டு எழுந்து போவார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதனால் இத்தனை வருடமும் நீ என்னைத் தள்ளி வைத்தது அருவருப்பில் என்றே நினைத்திருந்தேன். நாற்றம் பிடிக்கவில்லை, அதற்குக் கரண்ட் என்று ஒரு சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். முந்தாநாள்தான் தெரிந்தது, நீ நிஜமாகவே நம்பியிருக்கிறாய். சொந்த மகளையே ஊரைவிட்டு அனுப்புகிறாய் என்றால் நம்பாமல் இருக்க முடியாது. எங்கிருந்து உனக்கு இந்தப் பயம் என்று யோசித்தேன். நம் பனியன் யூனிட்டில் அயர்ன் டேபிள் ஒயர் அறுந்து அந்த ஒடிசாக்காரருக்கு ஷாக் அடித்தபோது, எல்லோரும் தொடப் போனார்கள். நீதான் "தொடாதீங்க, கரண்ட் பாஞ்சுட்டு இருக்குது" என்று கத்தி, கட்டையால் அவரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றினாய். அன்றைக்கு நீ செய்தது சரி. அதே மூளையை வைத்துக்கொண்டு என்னையும் கட்டையால் தள்ளியிருக்கிறாய். ரேடியேஷனுக்கு நம் பக்கத்தில் கரண்ட் என்று யார் பெயர் வைத்தார்களோ, மெஷின் ஓட்டிப் பிழைக்கிற ஊரில் அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது. நானே முதல் நாள் "பாதியில கரண்ட் போயிட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டு அங்கிருந்தவர்களைச் சிரிக்க வைத்தவன்தான். அருவருப்பு இல்லை, அறியாமைதான் என்று தெரிந்ததும் என் மனது இளகியிருக்கும் என்று நினைக்காதே. இளகவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாயும், சொல்வதற்கு ஒரு டாக்டரும் அன்றைக்கும் இருந்தார்கள்.

சரி, உனக்கு இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். உன் இடம் வேறு, என் இடம் வேறு. வாயில் வைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்த ஒரு பாய் சொன்னதும், நான் கண்ணால் பார்த்ததும்தான். எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். உன்னை முதலில் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள். கெட்டுப்போன பல்லை எல்லாம் இப்போதே பிடுங்கிவிடுவார்கள், மறுக்காதே. கரண்ட் வைத்த தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். அதனால் எத்தனை வருடம் கழித்துப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம் வெந்நீரில் போட்டு இளக்கிய ஒரு பிளாஸ்டிக் வலையை உன் முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுப்பார்கள். தினமும் அதை மாட்டி, நீ படுத்திருக்கும் பலகையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலையை ஒரு நூல்கூட அசைக்க முடியாது. எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், கனமான கதவு மூடும், நீ மட்டும் உள்ளே இருப்பாய். மூச்சு முட்டுவதுபோல இருக்கும், ஆனால் முட்டாது. கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கையைத் தூக்கினால் மெஷினை நிறுத்திவிட்டு வருவார்கள். "கரண்ட் வெக்கறப்ப ஒண்ணுமே தெரியாதுங்க மாஸ்டர். மூஞ்சியப் பூட்டறாங்க பாருங்க, அதுதான் ஒரு மாதிரி இருக்கும். கடையில இருக்கற சைஸெல்லாம் மனசுக்குள்ள அடுக்குவேனுங்க. எக்ஸெல் வர்றதுக்குள்ள கதவத் தொறந்துருவாங்க" என்பார் பாய். நீயும் எதையாவது அடுக்கு.

முதல் வாரம் ஒன்றும் ஆகாது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று யூனிட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாய். பாயும் கடையைத் திறந்தார். அப்புறம் நாக்கில் ருசி போய்விடும், எது தின்றாலும் அட்டையைத் தின்பதுபோல இருக்கும். எச்சில் வற்றும், இருக்கிற எச்சிலும் பசைபோலக் கெட்டியாகும். பிறகு வாய் முழுக்கப் புண். தண்ணீரை விழுங்கவே கண்ணில் நீர் வரும். கழுத்துத் தோல் கறுத்து, சிலருக்கு உரிந்தும் போகும். அங்கே பிளேடு வைக்காதே, சோப்புப் போட்டுத் தேய்க்காதே, அவர்கள் சொல்லாத எண்ணெயோ மஞ்சளோ பூசாதே. உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள், எரிகிறது என்று விட்டுவிடாதே. மிளகாய் போட்டு வறுத்த கோழி இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது, இனி அதை மற. அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, மிக்ஸியில் அடித்துக் குடி. அதுவும் இறங்காமல் எடை குறைந்தால் மூக்கு வழியாக ஒரு குழாய் போடுவார்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும், போட்டுக்கொள். உடம்பு அசதி எப்படி என்றால், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கேட்டுக்கொள். கடைசி நாள் மெஷினை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடாது. முடிந்த பிறகும் கொஞ்ச நாள் புண் ஏறிக்கொண்டேதான் போகும், அப்புறம்தான் இறங்கும். வாய் வறட்சி மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு முழுக்கப் போவதே இல்லை.

வலி அதிகமானால் வாயைத் திறந்து மாத்திரை கேள். அந்த இடத்தில் வீரம் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஷிப்மெண்ட் நெருக்கடி, கன்டெய்னர் வந்து நிற்கிறது என்று ஒரு நாளும் லீவு போடாதே. இடையில் விட்டால் வைத்ததன் பலன் குறையும் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்கக் கன்னத்தில் அடக்கி வைப்பாயே, அந்தப் புகையிலைப் பொட்டலத்தை இன்னும் காரில் வைத்திருக்கிறாய். உன் பெண்டாட்டி பார்த்துவிட்டு என்னிடம் சொல்லி அழுதாள். அறுத்துத் தைத்த கன்னத்தில் அதைத் திரும்ப வைக்கப் போகிறாய் என்றால் கோயமுத்தூருக்கே போகாதே, அந்த மெஷினில் படுக்க வேறு ஒருவர் காத்திருக்கிறார்.

உன் கெட்டிக்காரத்தனத்தையும் அங்கே காட்டாதே. நான் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் இடுப்பிலும் அடிவயிற்றிலும் மை வைத்துக் கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கரண்ட் வைப்பார்கள். பஸ்ஸில் வேர்த்து வேர்த்து அது மங்கிவிட்டது. துணியில் மார்க்கிங் மங்கினால் கட்டிங் மாஸ்டர் என்ன செய்வான்? திரும்பப் போடுவான். நானும் கண்ணாடி முன்னால் நின்று, ஸ்கேலை வைத்து, மார்க்கர் பேனாவால் அழகாகப் போட்டுக்கொண்டு போனேன். என் கோடு அவர்கள் கோட்டைவிட நேராக இருந்தது. மெஷின் ரூமில் இருந்த தூத்துக்குடிப் பெண் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டாள். "என்னய்யா இது, நீங்களே கோடு போட்டுக்கிட்டு வந்து நிக்கியளே. ஒரு விரக்கட தள்ளிப் போச்சுன்னா எங்க போய்ப் படும்னு தெரியுமா?" என்றாள். அன்றைக்குக் கரண்ட் வைக்காமல் திரும்ப ஸ்கேன் எடுத்து, முதலிலிருந்து அளந்து கோடு போட்டார்கள். மங்கினால் மங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும், நாமே திருத்தக் கூடாது. உனக்குக் கோடு அந்த வலையின் மேலேயே இருக்கும், அதனால் இந்தத் தப்பு உனக்கு வராது. ஆனால் நீயும் நம் யூனிட்டில் வளர்ந்தவன், வேறு எதையாவது கண்டுபிடித்துச் செய்வாய் என்றுதான் சொல்கிறேன்.

பாயைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் பேத்தி, நம் பாப்பாவைவிடக் கொஞ்சம் பெரியவள், லீவு நாளில் கூடவே வருவாள். வலையைக் கழற்றிக்கொண்டு அவர் வெளியே வரும்போது முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். அந்தப் பிள்ளை நேராக ஓடிவந்து மடியில் ஏறி, விரலால் அந்தக் கட்டங்களைத் தொட்டுத் தொட்டு விளையாடும். வாய் பேச முடியாமல் போன பிறகும் அவர் சிரித்துக்கொண்டு முகத்தைக் காட்டுவார். கால்குலேட்டரில் நம்பரை அடித்துக் காட்டியே கடையில் வியாபாரம் பண்ணினார். அந்தப் பிள்ளையைப் பற்றி உன்னிடம் வந்து சொன்னேன். "அவங்களுக்கு வெவரம் தெரியலீங்கப்பா" என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் இருக்கிறது. பாய் இப்போது இல்லை. கரண்ட் முடிந்து நன்றாக இருந்தார், கொஞ்ச காலம் கழித்து நோய் திரும்ப வந்தது, போய்விட்டார். நான் இருக்கிறேன், கூட உட்கார்ந்திருந்தவர்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள். உனக்கு எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் நல்லபடியாக ஆகும் என்று சொல்ல உனக்கு மச்சான், மாமன் என்று ஊரே இருக்கிறது. என்னிடம் நீ அதை எதிர்பார்க்காதே.

அன்று குடித்த டீ இனித்ததோடு நான் விட்டிருப்பேன். இந்தக் கடிதமும் வந்திருக்காது. ஆனால் நேற்று சாயங்காலம் பாப்பா வந்தாள். எப்போதும்போலப் படியிலேயே நின்றுகொண்டாள். அவள் என் ரூமுக்குள் வர மாட்டாள், அது உனக்கும் தெரியும். "அப்பாரு, எங்கப்பாவுக்கும் கரண்ட் வெக்கறாங்களாமா?" என்று கேட்டாள். ஆமாம் சாமி என்றேன். "அப்ப இனி எங்கப்பாவையும் தொடக்கூடாதுங்களா?" என்றாள். தொடலாம், கரண்ட் எல்லாம் உடம்பில் இருக்காது, வேண்டுமானால் என் கையைத் தொட்டுப் பார் என்று கையை நீட்டினேன். அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பொய் சொல்றீங்க அப்பாரு. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒருக்கா உங்களத் தொட்டேன். அப்ப அடிச்சுதுங்களே" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. கரண்ட் வைத்துவிட்டு வந்த ஒருநாள், நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இவள் தத்தித் தத்தி ஓடிவந்து என் முழங்காலைப் பிடித்தாள். உன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நிற்க, நீ பின்னால் வந்து "தொட்டாக் கரண்ட் அடிக்கும்னு சொன்னனா இல்லையா" என்று அந்தக் கையில் ஓங்கி அடித்தாய். அடிபட்டதும் அவள் என்னைத்தான் பார்த்தாள், உன்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அது நான் அடித்த ஷாக். இத்தனை வருடம் அந்தப் பிள்ளை படியில் நின்றது நீ மிரட்டியதால் இல்லை, உண்மையிலேயே வலித்ததால். உன்னைப் பிரிந்து உடுமலைக்குப் போக அவள் அழுவாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் துணிமணியை எடுத்து வைத்தாகிவிட்டது, உன் பெண்டாட்டியைக் கேட்டுப் பார். உன் பக்கத்தில் இருக்க அவளுக்குப் பயம்.

இதை என்னால் சரிசெய்ய முடியாது. என் பேச்சை அவள் நம்ப மாட்டாள், அவளைப் பொறுத்தவரை அடித்தவனே நான்தான். அவள் அம்மா சொன்னாலும் நம்ப மாட்டாள், அம்மா அன்றைக்குச் சும்மா நின்றதைப் பார்த்திருக்கிறாள். டாக்டர் சொன்னாலும் அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்பாள், அதையும் உன்னிடமிருந்துதான் கற்றிருக்கிறாள். நீதான் சொல்ல வேண்டும். என் உடம்பில் கரண்ட் வராது என்று ஆரம்பிக்காதே, உனக்காகச் சொல்கிறாய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்பாரு மேல் எப்போதும் கரண்ட் இருந்ததில்லை, அன்றைக்கு உன்னை அடித்தது என் கைதான் என்று முதலில் சொல். அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்து, என் முன்னால் சொல். நான் உன்னை மன்னிப்பேனா என்று கேட்காதே, அதற்காக இதை எழுதவில்லை. இன்றைக்கே வா. இப்போதே உனக்கு ச, ழ எல்லாம் குழறுகிறது. புண் ஏறிப் பேச்சு நின்ற பிறகு பாய் கால்குலேட்டரை வைத்துச் சமாளித்தார். நீ அவளை அடித்ததை எந்த நம்பரை அமுக்கிக் காட்டுவாய்?